மெல்ல இறங்கிய பெடல்: பழைய எம்ஜிபி ஒன்றில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் மாற்றியது பற்றிய நிகழ்வு ஆய்வு

சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். கால் பிரேக்கில் இருந்தது. அழுத்தத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பத்து விநாடி போயிருக்கும், பெடல் காலுக்கடியில் கீழே இறங்க ஆரம்பித்தது. சத்தமில்லை, உதறலில்லை. ஈர மண்ணில் கட்டை அமிழ்வதுபோல ஒரே சீராக இறங்கியது. காலை எடுத்து மறுபடி வேகமாக மிதித்தேன்; பழையபடி மேலேயே நின்றது. பச்சை விழுந்ததும் கிளம்பினேன். ஷெட் வந்து சேரும்வரை இரண்டாவது கியரைத் தாண்டவில்லை, கைபிரேக்கிலிருந்து கையை எடுக்கவுமில்லை.

வண்டி நண்பருடையது. பராமரிப்பு என் பொறுப்பு. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் நானே பிரேக் ஆயில் முழுக்க மாற்றி ஏர் எடுத்து, அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றி, கொடுத்திருந்தேன். அன்று பெடல் நன்றாகத்தான் இருந்தது. அந்த இரண்டு வாரத்துக்கும் இந்தப் பழுதுக்கும் உள்ள தொடர்பு, சிலிண்டரைப் பிரித்த பிறகுதான் புரிந்தது.

வண்டியும் அதன் பிரேக்கும்

எம்ஜிபி 1962-இல் வந்து 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் தயாரான இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இரு கார்புரேட்டர் வைத்த 1798 சிசி என்ஜின். எல்லா வகையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல் விற்றதால் உதிரி பாகத்துக்கு இன்றும் பஞ்சமில்லை. நம் கையில் இருப்பது 1970-களின் தொடக்கத்து வண்டி. வலது பக்க ஸ்டியரிங், கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் சர்வோ உதவி பிரேக்குக்குக் கிடையாது. முன்னால் 273 மி.மீ. டிஸ்க், பின்னால் 254 மி.மீ. டிரம்.

முக்கியமான விஷயம், இதில் பிரேக் ஒற்றைச் சுற்று. பெடலை மிதித்ததும் திரவத்தைத் தள்ளும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், அதற்குள் ஒரே பிஸ்டன், அங்கிருந்து நாலு சக்கரத்துக்கும் போகும் ஒரே வழி. அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் கார்களுக்கு இரட்டைச் சுற்று கட்டாயமானது. அதனால் அங்கே போன எம்ஜிபிகளில் இரண்டு பிஸ்டன் வைத்த சிலிண்டர் வந்துவிட்டது. பிரிட்டனிலேயே விற்ற வண்டிகளில் ஒற்றைச் சுற்று அதற்குப் பிறகும் பல வருடம் தொடர்ந்தது. இரட்டைச் சுற்றில் ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் பாதி பிரேக்காவது மிஞ்சும். ஒற்றைச் சுற்றில் எங்கே ஒரு ரப்பர் தோற்றாலும் நாலு சக்கரமும் தோற்றதுதான். பெடல் இறங்கியதும் வண்டியை அப்படியே நிறுத்தி வைத்ததற்குக் காரணம் அதுதான்.

அந்த ஒரு பிஸ்டன் சுமக்கும் பாரம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலால் 30 கிலோ அழுத்தம் கொடுக்கிறோம். பெடல் நெம்புகோல் அதை 5 மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால் பிஸ்டனில் 150 கிலோ. சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ.; பரப்பு 2.85 சதுர செ.மீ. அப்படியானால் பைப்புக்குள் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் ஏறத்தாழ 53 கிலோ. டிஸ்க்கைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் முன் காலிபரின் பிஸ்டன் ஒவ்வொன்றும் 54 மி.மீ. விட்டம் கொண்டது என்பதால் ஒரு பேடை டிஸ்க்கில் அழுத்தும் விசை 1,200 கிலோ அளவுக்குப் போகிறது. இத்தனையையும் பின்னால் கசிய விடாமல் தாங்கி நிற்பது, கட்டைவிரல் நுனி அளவுள்ள ஒரு ரப்பர் கப்பின் மெல்லிய உதடு.

அழுத்தம் எங்கே போகிறது

பெடல் இறங்கினால் ‘மாஸ்டர் சிலிண்டர் போச்சு’ என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சுற்றில் வேறெங்காவது கசிந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அதனால் முதலில் நாலு சக்கரத்தையும் கழற்றினோம். நான் ஒருவனாக இந்த வேலையைச் செய்வதில்லை. அக்கா மகன் கூட இருப்பான். அவன் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, நான் டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு போனேன். பின் டிரம்முக்குள் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விளிம்பில் தூக்கிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. காலிபர்கள், மூன்று ஹோஸ்கள், அடிப்பலகையில் ஓடும் பைப், எல்லாமே காய்ந்திருந்தன. (அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைக் கிளப்பாதீர்கள்; ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.)

ஆனால் ஆயில் மட்டம் இரண்டு வாரத்தில் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. அது எங்கேயோ போயிருக்க வேண்டும். பெடல் பாக்ஸின் மூடியைக் கழற்றி, பிரேக் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் உறைக்குள் விரலை விட்டேன். விரல் ஈரமாக வந்தது. அதற்கு நேர் கீழே பெயின்ட் கொப்பளித்து, நகத்தால் தொட்டாலே தோலாக உரிந்தது. பிரேக் ஆயில் பட்ட பெயின்ட் இப்படித்தான் ஆகும். நம் வாயில் அது ‘ஆயில்’ என்றாலும் அதில் எண்ணெய் கிடையாது; கிளைக்கால் வகைத் திரவம், பெயின்ட்டை அரித்துவிடும். ஆயில் என்ற பெயரை நம்பி என்ஜின் ஆயிலையோ வேறு கனிம எண்ணெயையோ ஊற்றி, சுற்றிலுள்ள எல்லா ரப்பரும் ஊதிப்போய் வந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

பின்னால் ஈரம் இருப்பதால் பிஸ்டனின் பின்முனையிலுள்ள ரப்பர் கப் கசிகிறது என்பது உறுதி. ஆனால் பெடல் இறங்குவதற்கு அது காரணம் ஆகாது, ஏனென்றால் அந்தப் பக்கம் அழுத்தமே வருவதில்லை. அழுத்தத்தைத் தாங்குவது முன் கப். அதைத் தனியாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. சிலிண்டரிலிருந்து வெளியே போகும் பைப்பைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் அதே மரையுள்ள திடமான அடைப்பானைப் போட்டு இறுக்க வேண்டும். இப்போது நாலு சக்கரமும் கணக்கிலேயே இல்லை. சிலிண்டர் நன்றாக இருந்தால் பெடல் மேலேயே கல்லாக நிற்கும்.

அவன் மிதித்தான். கால் நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. “இப்போ பலமா மிதிக்காதே, சும்மா கால் எடை மட்டும் வை” என்றேன். “மாமா, போகுது” என்றான். வாயை அடைத்த பிறகும் பெடல் இறங்கியது. திரவம் முன் கப்பைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே பின்னால் போகிறது என்பதில் அதற்கு மேல் சந்தேகமில்லை.

வேகமாக மிதித்தால் நிற்கும், மெதுவாக மிதித்தால் இறங்கும் என்பதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. திடீரென அழுத்தம் ஏறும்போது கப்பின் உதடு விரிந்து சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தேய்ந்த உதடும் அந்த நேரத்துக்குத் தாக்குப்பிடிக்கும். மெல்லிய அழுத்தத்தில் விரியாது, ஓரமாக வழிந்துவிடும். பலர் சோதிக்கும்போது பலம் கொண்ட மட்டும் மிதித்துப் பார்த்துவிட்டு ‘பிரேக் சரியாத்தான் இருக்கு’ என்று விட்டுவிடுகிறார்கள். சோதனையை மெல்லிய காலில்தான் செய்ய வேண்டும்.

கழற்றியது

வேலையில் நுட்பம் குறைவு, இடம்தான் குறைச்சல். பிரேக் சிலிண்டரும் கிளட்ச் சிலிண்டரும் ஒட்டி ஒட்டி ஒரே பெடல் பாக்ஸில் உட்கார்ந்திருக்கின்றன. ஊசியில்லாத சிரிஞ்சால் சிலிண்டரோடு சேர்ந்த டப்பாவிலுள்ள திரவத்தை உறிஞ்சி எடுத்தேன். சுற்றிலும் நனைத்த துணி; சிந்தினால் உடனே தண்ணீர். பைப் நட்டுக்குச் சாதாரண ஸ்பேனர் போடாதீர்கள். அரை நூற்றாண்டு அங்கேயே இருந்த நட், இரண்டு முனையை மட்டும் பிடிக்கும் ஸ்பேனரில் உருண்டுவிடும். பைப்பைச் சுற்றி ஐந்து பக்கம் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் வேண்டும்.

பெடலையும், பிஸ்டனை அழுத்தும் தள்ளுதண்டையும் சேர்ப்பது ஒரு கிளெவிஸ் பின். அதைப் பூட்டுவது ஒரு ஸ்பிளிட் பின். பின்னை உருவியதும் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு பள்ளம், நகம் உட்காரும் ஆழத்துக்கு. பெடலின் துளையும் லேசாக நீள்வட்டமாகியிருந்தது. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் இந்தத் தேய்மானத்தின் இடைவெளி மூடிய பிறகுதான் தண்டு நகர ஆரம்பித்திருக்கும். பின்னைப் புதிதாகப் போடத் தீர்மானித்தோம்.

ஸ்பேனர் திரும்ப இடம் போதவில்லை என்று பெடல் பாக்ஸிலிருந்த பிரேக் லைட் சுவிட்சையும் மரையிலிருந்து கழற்றி ஓரமாக வைத்தேன். எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணவில்லை, அது இருந்த ஆழத்தைக் குறித்து வைக்கவும் இல்லை. பின்னால் வந்த தொல்லைக்கு விதை அந்த அரை நிமிடத்தில்தான் விழுந்தது.

உள்ளே இருந்தது

மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் பிரித்தோம். சர்க்ளிப்பை எடுத்ததும் தண்டு வந்தது. பின்னாலேயே பிஸ்டன், அதன் தலைக்கு முன்னால் காகிதம்போல மெல்லிய ஒரு வாஷர், முன் கப், ஸ்பிரிங். அந்த மெல்லிய வாஷர் சின்னதாக இருந்தாலும் தேவையானது. பிஸ்டன் தலையில் சுற்றிலும் சிறு துளைகள் உண்டு. அழுத்தத்தில் கப் அந்தத் துளைகளுக்குள் பிதுங்கிவிடாமல் தடுப்பது அதுதான். திரும்பப் பூட்டும்போது அதை மறந்து விட்டவர்கள் உண்டு.

ஸ்பிரிங்கோடு சேர்ந்து கரிக்குழம்பு மாதிரி ஒரு கறுப்புக் கசடு வழிந்தது. கரைந்த ரப்பர். சிலிண்டரைத் துடைத்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே இரண்டு வெவ்வேறு நிலம் தெரிந்தது. பெடல் தினமும் போய்வரும் பகுதி கண்ணாடியாகப் பளபளத்தது. அதற்கு அப்பால், முன்கோடியில், அடிப்பக்கம் முழுக்கத் துருவின் பொத்தல்கள். ஒரு குச்சியில் துணியைச் சுற்றி இழுத்தால் நூல் சிக்கியது. முன் கப்பின் உதட்டில், அந்தப் பொத்தல்கள் இருந்த அதே பக்கத்தில், மூன்று கீறல்கள்.

இரண்டு வாரக் கணக்கு அங்கேதான் சரியானது. கிளைக்கால் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டதில் அந்த ஈரம் கப் தொடாத முன்கோடியில் துருவாக உட்கார்ந்திருந்தது. கப் அங்கே போகாதவரை ஒன்றும் தெரியவில்லை. ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை அழுத்தினோம். கப்பின் உதடு முதல்முறையாகத் துருப்பிடித்த அந்தப் பகுதிக்குள் போய் அரைபட்டுத் திரும்பியது. நல்ல எண்ணத்தில் செய்த பராமரிப்பே கடைசி அடியாக விழுந்துவிட்டது. இப்போதெல்லாம் பழைய சிலிண்டர் உள்ள வண்டிக்கு ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிடுகிறேன். அது வழக்கமான எல்லையைத் தாண்டிப் பெடலைப் போக விடாது.

ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் போதாதா என்று நண்பர் கேட்டார். பளபளப்பான சுவருக்குப் போதும். பொத்தலுள்ள சுவருக்குப் புது கப் போட்டால் அதுவும் அதே இடத்தில் கிழியும். ஹோன் என்ற தேய்ப்புக் கருவி போட்டுச் சுவரைத் தேய்க்கலாம். ஆனால் பொத்தல் மறையும்வரை தேய்த்தால் உள்விட்டம் கூடிவிடும், 19.05-க்கு வார்த்த கப் தளர்ந்துவிடும். பழைய வார்ப்பு உடலை விட மனமில்லாதவர்களுக்கு உள்ளே துருப்பிடிக்காத எஃகு உறை போட்டுத் தருவார்கள், அது நல்ல தீர்வு. எங்களுக்குப் புதுச் சிலிண்டர் போதுமென்று தோன்றியது.

புதுசு வந்தது, திரும்பிப் போனது, மறுபடி வந்தது

வந்த முதல் சிலிண்டரைத் திருப்பி அனுப்பினோம். பார்வைக்கு அச்சு அசல். உள்விட்டம் சரி, போல்ட் துளைகளின் தூரம் சரி. பைப் நட்டைக் கையால் ஏற்றிப் பார்த்தபோது மூன்று சுற்று போனது, ஆனால் பல் ஆடுவதுபோல ஆடியது. வண்டியின் நட் அங்குல மரை: எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 24 பல். புதுச் சிலிண்டரின் வாயில் வெட்டியிருந்தது 10 மி.மீ. மெட்ரிக் மரை. அங்குல நட்டின் விட்டம் 9.5 மி.மீ.; இரண்டுக்கும் பல் இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் கோணாமல் ஏறும், இறுக்கினால் இறுகுவதுபோலவும் தெரியும். ஆனால் பல்லின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். சதுர செ.மீ.க்கு 50 கிலோ அழுத்தம் ஒருநாள் அதைப் பிடுங்கி எறிந்துவிடும். மரையைக் கையால் ஏற்றிப் பார்க்காமல் எந்த பிரேக் பாகத்தையும் போடாதீர்கள். ஆடுகிறது என்று தோன்றினாலே நிறுத்துங்கள். பைப் நுனியின் வடிவமும் உள்ளே அது உட்காரும் குழியின் வடிவமும் பொருந்துகின்றனவா என்று கூடவே பார்த்துவிடுங்கள்.

பெரிய உள்விட்டம் போட்டால் பிரேக் பலமாகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. உண்மை அதற்கு நேர்மாறு. எட்டில் ஏழு அங்குலச் சிலிண்டர் போட்டால் பெடல் தூரம் குறையும், காலுக்குக் கெட்டியாகவும் தெரியும்; ஆனால் அதே கால் அழுத்தத்துக்குப் பைப்பில் வரும் அழுத்தம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். சர்வோ இல்லாத வண்டியில் அது விஷப்பரீட்சை.

இரண்டாவது சிலிண்டர் எல்லா விதத்திலும் பொருந்தியது. போடுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை. டப்பாவுக்கு உள்ளே அடியில் இரண்டு துளைகள் உண்டு. பெரியது, பிஸ்டனைச் சுற்றித் திரவத்தை நிரப்பும் வழி. அதற்குச் சற்று முன்னால் இருப்பது ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறியது, தேடினால்தான் தெரியும். கால் எடுத்த நிலையில் முன் கப்பின் உதடு இந்தச் சின்னத் துளைக்கு மயிரிழை பின்னால் நிற்கும். அப்போது பைப்பும் டப்பாவும் இந்தத் துளை வழியாகத் திறந்தே இருக்கின்றன. பெடலை மிதித்ததும் கப் துளையைத் தாண்டி அடைக்கும். அதற்குப் பிறகுதான் அழுத்தம் பிறக்கும். காலை எடுத்ததும் கப் பின்வாங்கும், துளை திறக்கும், மிச்சத் திரவம் டப்பாவுக்குத் திரும்பும். பிரேக் சூட்டில் திரவம் விரிந்தாலும் தப்பிப் போக அது ஒன்றே வழி. ஒரு மின்கம்பியின் ஒற்றைச் செம்பு இழையை அதில் விட்டுப் பார்த்தேன், தங்குதடையில்லாமல் போனது.

ஏர்

சிலிண்டரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே மேசையில் ஏர் எடுத்துவிட வேண்டும். காலிச் சிலிண்டரைப் பூட்டிவிட்டு சக்கரத்தில் ஏர் எடுக்க உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும். வைஸில் பிடிக்கும்போது உடலைப் பிடிக்காமல் போல்ட் காதுகளைப் பிடியுங்கள். உடல் நசுங்கினால் உள்வட்டம் வட்டமாக இருக்காது. வாயிலிருந்து ஒரு சிறு குழாயை வளைத்து டப்பாவுக்குள்ளேயே விட்டு, மழுங்கிய மரக்குச்சியால் பிஸ்டனைச் சின்னச் சின்னதாகத் தள்ளினோம். முதலில் பெரிய குமிழ், பிறகு கடுகு மாதிரி, பிறகு ஒன்றுமில்லை.

ஊற்றியது டாட் 4 தரத்துப் பிரேக் திரவம். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; எடையில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155 வரை இறங்கலாம். திறந்து பல மாதம் கிடந்த டின்னை நான் பயன்படுத்துவதில்லை. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கவே கூடாது.

பூட்டியது கழற்றியதன் தலைகீழ் வரிசைதான், சொல்ல ஒன்றுமில்லை. சக்கரத்தில் ஏர் எடுக்கத் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். சக்கரத்தில் காற்றை வெளியே விடத் திறக்கும் நிப்பிளில் தெளிவான குழாய், அதன் நுனி திரவத்துக்குள். “மிதி… பிடி.” “பிடிச்சிருக்கேன் மாமா.” திறப்பு, மூடல். “விடு, மெதுவா விடு.” இந்த நாலு சொல் மாறி மாறி ஒரு மணி நேரம். நிப்பிளை மூடுவதற்கு முன் அவன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். அதனால் நான் சொல்லாமல் விடக் கூடாது என்பது ஒப்பந்தம்.

ஏர் முழுக்கப் போன பிறகும் பெடல் பாதி தூரம் இறங்கியது. காற்று இருந்தால் பெடல் பஞ்சுபோல நசுங்கும். இது நசுங்கவில்லை, நீளமாக இறங்கி, அங்கே கெட்டியாக நின்றது. அது பின் டிரம்முக்குள் உரசிப் பிடிக்க வேண்டிய பிரேக் ஷூ தள்ளி நிற்பதன் அடையாளம். இந்த வண்டியில் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு கிடையாது. பின்தகட்டில் ஒரு சதுரத் தலை உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை முறுக்கி, தடையில்லாமல் சுற்றும்வரை திரும்பத் தளர்த்தினோம். பெடல் மேலே வந்துவிட்டது. ஏர் எடுத்துக்கொண்டே இருந்திருந்தால் லிட்டர் கணக்கில் திரவம்தான் வீணாகியிருக்கும்.

சுவிட்சைத் திரும்ப மரையேற்றி ஒயரை மாட்டியபோது, பின்னால் நின்ற அக்கா மகன் கூப்பிட்டான்: “மாமா, பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு.” பெடல் ஓய்வில் இருக்கும்போது அதன் முதுகு சுவிட்ச் முனையை அழுத்தியிருக்க வேண்டும், அப்போதுதான் விளக்கு அணையும். சுவிட்சை உள்நோக்கி முறுக்கினேன். “இன்னும் எரியுது… இன்னும்… அணைஞ்சிருச்சு.” உறுதிக்காக இன்னும் ஒரு சுற்று கொடுத்து லாக் நட்டை இறுக்கினேன்.

பதினைந்து கிலோமீட்டர்

முதலில் என்ஜின் போடாமல் மெல்லிய காலில் இரண்டு நிமிடம் பெடலைப் பிடித்திருந்தோம், அசையவில்லை. காலியான இடத்தில் குறைந்த வேகத்தில் பலமுறை நிறுத்திப் பார்த்தோம். தொட்டால் பிடிக்கிறது, பெடல் ஒரு மி.மீ. கூட வீணாகப் போகவில்லை. இவ்வளவு கூர்மையான பெடலை இந்த வண்டியில் நான் அனுபவித்ததே இல்லை. அந்தக் கூர்மையே எச்சரிக்கை என்பது அப்போது உறைக்கவில்லை.

சாலையில் பத்து கிலோமீட்டர்வரை சந்தோஷமாக ஓடியது. பிறகு வண்டி கனத்தது. ஆக்சிலேட்டரை விட்டால் உருண்டு போகாமல் யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல வேகம் இறங்கியது. பதினைந்தாவது கிலோமீட்டரில் ஓரங்கட்டினேன். கருகிய வாடை, நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கை வைக்க முடியாத வெக்கை. பெடல் கல்லாகியிருந்தது.

ஆறவிட்டு, ஜாக்கி போட்டுத் தூக்கி, மறுபடி சூடாக்காமலேயே பெடலை நாலைந்து முறை மிதித்ததில் சக்கரங்கள் திரும்பப் பூட்டிக்கொண்டன. இனி எங்கே அடைத்திருக்கிறது என்று தேட வேண்டும். ஒரே ஒரு சக்கரம் என்றால் காலிபர் இறுகியிருக்கலாம், அல்லது ஹோஸ் உள்ளுக்குள் வீங்கித் திரவத்தைத் திரும்ப விடாமல் பிடித்திருக்கலாம். நாலும் சேர்ந்து பிடிக்கிறது என்றால் காரணம் நாலுக்கும் பொதுவான இடத்தில். மாஸ்டர் சிலிண்டரில் பைப் நட்டைக் கால் சுற்று தளர்த்தினேன். பீய்ச்சென்று ஒரு சொட்டு. நாலு சக்கரமும் விடுபட்டன. ஆக, பைப்பில் அடைப்பில்லை, சிலிண்டரிலிருந்து டப்பாவுக்குத் திரும்பும் வழிதான் மூடியிருக்கிறது. அதாவது அந்தச் சின்னத் துளை.

நட்டை இறுக்கி, மறுபடி மிதித்துப் பூட்டவிட்டு, இந்த முறை சிலிண்டரைப் பெடல் பாக்ஸோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி முன்னால் ஒன்றரை மி.மீ. நகர விட்டேன். சக்கரங்கள் மறுபடி விடுபட்டன. சிலிண்டருக்குள் குறையில்லை. தண்டு பிஸ்டனை ஓய்விலும் கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கப் துளையின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் அழுத்தம் பைப்பில் தங்கும், பேட் உரசும், சூடேறும், திரவம் விரியும், இன்னும் இறுகும்.

தண்டைத் தள்ளுவது பெடல். பெடலைத் தள்ளுவது? சுவிட்ச். இந்த வண்டியில் பிரேக் லைட் சுவிட்ச்தான் பெடலுக்குப் பின்நிறுத்தமும். விளக்கை அணைக்க நான் கொடுத்த சுற்றுகள் பெடலையே முன்னால் தள்ளியிருந்தன. பழைய கிளெவிஸ் பின் இருந்திருந்தால் அதன் தேய்மானம் அந்தத் தள்ளலை விழுங்கியிருக்கும். புதுப் பின்னில் விழுங்க இடமில்லை.

சுவிட்சைப் பழைய இடத்துக்குத் தளர்த்தினால் விளக்கு மறுபடி எரிகிறது. அப்படியானால் பெடல் ஏன் சுவிட்ச்வரை தானாகத் திரும்பி வரவில்லை? படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தான் அவன். “ஸ்பிரிங் தொங்குது மாமா.” பெடலைப் பின்னிழுக்கும் ஸ்பிரிங் மாட்டித்தான் இருந்தது, ஆனால் இழுப்பே இல்லை. கொக்கி நிமிர்ந்து, சுருள்கள் விலகிக் கிடந்தன. சிலிண்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் பெடலை ஒரு எல்லைவரைதான் தள்ளும். கடைசி மூன்று மி.மீ.யை இழுத்து வைக்க வேண்டியது வெளி ஸ்பிரிங்.

புது ஸ்பிரிங் மாட்டியதும் பெடல் டக்கென்று சுவிட்சில் போய் உட்கார்ந்தது. பெடல் பாதத்தில் அளவுகோலை வைத்து, தண்டு பிஸ்டனைத் தொடும்வரை வெறும் ஆட்டம் 3 மி.மீ. வரும்படி சுவிட்சை வைத்தேன். விளக்கு அணைந்திருந்தது, பெடலைத் தொட்டதும் எரிந்தது. பிறகு டப்பா மூடியைத் திறந்து, அவனைக் கையால் பெடலை மெல்லத் தட்டச் சொன்னேன். ஒவ்வொரு தட்டுக்கும் திரவத்தின் அடியிலிருந்து ஒரு சிறு ஊற்று எழும்பி மேற்பரப்பு குழிந்து மீண்டது. துளை திறந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேறு கிடையாது. சிலிண்டர் மாற்றிய அன்றே, வண்டியை வெளியே எடுக்கும் முன் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

சூடேறிய திரவத்தை வடித்துப் புதிதாக நிரப்பி, மறுபடி நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தோம். முன் பேடுகளின் முகம் கண்ணாடியாகியிருந்ததால் அவற்றையும் மாற்றினோம். அடுத்த ஓட்டம் நாற்பது கிலோமீட்டர், பாதி மலையிறக்கம். திரும்பி வந்ததும் இறங்காமலே காலை மெல்லப் பெடலில் வைத்து நூறு எண்ணினேன், அது நின்ற இடத்திலேயே நின்றது. ஜாக்கி போட்டு முன்சக்கரத்தை அவன் ஒரு விரலால் தட்டிவிட்டான். பேட் உரசும் சிறு சலசலப்போடு ஒன்றரைச் சுற்று போய் நின்றது.